நாரைக்குக் கவுல், நமக்குக் குண்டு

பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். நீர்ப்பறவைகளைப் படமெடுக்கிறவர்கள் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் இதுதான். பறவைக்குப் பின்னால் மின்கம்பம் வரக்கூடாது, ஓலைக்கூரை வரக்கூடாது, கரையில் காயப்போட்ட சேலை வரக்கூடாது. எருமை வரலாம், அதன் முதுகில் கொக்கு உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. எருமையை ஓட்டிக்கொண்டு வந்த பையன் மட்டும் வரக்கூடாது. தப்பித் தவறி வந்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் கணினியில் வெட்டிவிடலாம். இப்படி வெட்டி வெட்டிச் சுத்தமாக்கிய படங்கள்தான் மார்கழி, தை மாதங்களில் கண்காட்சிகளிலும் நாட்காட்டிகளிலும் இதழ்களின் வழவழப்பான பக்கங்களிலும் வந்து நிறைகின்றன. பவளக்கால் உள்ளான், பாம்புத்தாரா, கரண்டிவாயன், கூழைக்கடா. தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. மனுசவாடையே இல்லை.

சுத்தம் என்பது நம்மைப் பொறுத்தவரை அப்பாவிச் சொல் அல்ல. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது என்ன நடந்தது? அதுவரை அந்தக் குளத்தில் ஆடு குடித்தது, மாடு குடித்தது, பறவை குடித்தது, வேற்று மதத்தார் குடித்தார்கள். குளம் குளமாகவே இருந்தது. தீண்டப்படாதவர்கள் குடித்ததும் அசுத்தமாகிவிட்டது. குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள். பிறகு 108 குடம் தண்ணீரில் பால், தயிர், சாணி, மூத்திரம் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். கொக்குக்கு இருக்கிற உரிமை மகருக்கு உண்டா இல்லையா என்பதுதான் அங்கே வழக்கே. அன்று கரையிலிருந்து விரட்டினார்கள். இன்று படத்திலிருந்து விரட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. அங்கே தடி, இங்கே விரல் நுனி. ஆனால் தண்ணீர்க்கரையில் யார் நின்றால் அழகு, யார் நின்றால் அசிங்கம் என்று முடிவுசெய்கிற கண் ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பறவைகள் மேல் கோபமில்லை. ஏரிக்கரைச் சேரியில் பிறந்தவனுக்கு நாரையும் வக்காவும் பங்காளிகள். இந்தக் கட்டுரை பறவையைப் பற்றியதல்ல, பார்வையைப் பற்றியது. பார்வை என்பது இயற்கையாகவே எல்லோருக்கும் வாய்த்திருக்கிற ஒன்று என்பது பொதுப்புத்தி. சாதிச் சமூகத்தில் கண்ணுக்கும் சாதி உண்டு.

பறவைப் படக்காரர்களிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. பறவையை மேலிருந்து எடுத்தால் படத்தில் உயிர் இருக்காது, அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும் என்பார்கள். அதற்காகப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுகிற லென்ஸைச் சுமந்துகொண்டு விடியற்காலையில் சேற்றில் குப்புறப் படுக்கிறார்கள். மதிக்கத்தக்க உழைப்புதான், நான் கேலி செய்யவில்லை. ஒரு முக்குளிப்பானின் கண் மட்டத்துக்கு இறங்கத் தெரிந்த மனுசனுக்கு, அதே சேற்றில் முழங்கால் புதைய நாற்றுநடுகிற பெண்ணின் கண் மட்டத்துக்கு இறங்க ஏன் தோன்றவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஏரியின் வருசத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். வேடந்தாங்கல் ஏரி பெரிசல்ல, சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீர் ஏறியதும் உள்ளே நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு மூழ்கித் தீவுகளாகிவிடும். அதற்குத்தான் பறவைகள் காத்திருக்கும். அடிமரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் நரி, பூனை ஏறாது, முட்டை தப்பும். கார்த்திகையில் நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் குச்சி சுமக்கும். மார்கழியில் கூடு. தையில் குஞ்சுகளின் இரைச்சல் ஊருக்குள் கேட்கும். வடக்கேயிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் கூடுகட்ட வருவதில்லை. பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன, வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். பங்குனியில் தண்ணீர் சுருங்கும்போது மீன்கள் குட்டையில் நெருக்கியடிக்கும். அப்போது கூழைக்கடாவுக்கும் கொக்குக்கும் கொண்டாட்டம். சித்திரையில் வெடித்த ஏரித்தரையில் ஆள்காட்டி நான்கு முட்டையிட்டுவிட்டு, கிட்டே வருகிறவன் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும்.

இந்த வருசத்தைப் படக்காரர்களும் அறிவார்கள், தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே ஏரிக்கு இன்னொரு வருசம் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரை கசிகிறது என்று தமுக்கடித்தால் மண்மூட்டையோடு முதலில் ஓடுவது சேரி. பழைய மடைகளில் குமிழைப் பிடுங்க மூச்சடக்கி முங்குகிறவன் சேரி ஆள். முங்கியவன் வராமலே போனதும் உண்டு, மடையடியில் செத்தவனைச் சாமியாக்கிப் பொங்கல் வைக்கிற ஊர்களும் உண்டு. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று கம்பை வைத்து அளந்து விட்டவன் சேரி ஆள். எங்கள் பக்கம் கம்புக்கட்டி என்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் நீர்க்கட்டி. இன்னும் தெற்கே போனால் மடைக்குடும்பன். கூலி, அறுவடையில் களத்தில் அளக்கிற நெல். அவன் விட்ட தண்ணீர் பாய்ந்த நிலத்தில் பெரும்பாலும் அவனுக்கு ஒரு காணியும் கிடையாது. நிலம் இல்லாதவன் கையில் தண்ணீர்ப் பங்கீட்டைக் கொடுத்தால் தனக்குத் தனியாகத் திருப்பிக்கொள்ள மாட்டான் என்பதற்காகவே அந்த வேலையை நமக்குக் கொடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இதைத்தான் 'பாரம்பரிய நீர் மேலாண்மை' என்று கருத்தரங்குகளில் பாராட்டுகிறார்கள்.

நாரை கூடுகட்ட வேண்டுமானால் ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டுமானால் கரை நிற்க வேண்டும். கரையை நிறுத்தியவன் படத்தில் இல்லை.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். வேடந்தாங்கலைப் பற்றி எந்தப் பறவை நூலைத் திறந்தாலும் இந்தக் கதை இருக்கும். செங்கல்பட்டில் தங்கியிருந்த கும்பினிப் படையாட்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டார்களாம். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்களாம். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தாராம். 1858-ல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. 'இந்திய நாட்டில் மக்களே முன்வந்து பறவைகளைக் காத்த பழைய உதாரணம்' என்று இதைப் புகழாதவர் இல்லை.

ஊரார் என்றால் யார்? அந்தக் காலச் செங்கல்பட்டில் ஊர் என்றால் மிராசுதார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் நெல்லுக்கு நல்ல உரம். விளைச்சல் கூடும் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த உரம் யார் நிலத்தில் பாய்ந்ததோ அவர்கள் பறவைக்காக முறையிட்டார்கள். தப்பில்லை, யாருக்கும் தன் நன்மை பெரிசு. ஆனால் அதை இயற்கை மீதான பேரன்பு என்று சொல்லாடல் கட்டும்போது, அதே மிராசுதார்களின் வயலில் படியாளாகக் கிடந்தவர்கள் யார், அவர்களுக்காக யார் எந்தக் கலெக்டரிடம் போனார்கள் என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1858 என்றேன். அதே 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்திலுள்ள உழைக்கும் வகுப்பாரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம் என்ற சட்டம். பெயரே கட்டாய உழைப்புச் சட்டம்தான். ஒரே வருசத்தில் நாரைக்குச் சுதந்திரச் சீட்டும் நமக்குக் கட்டாய உழைப்பும் எழுதப்பட்டன. பறவை நூல்களில் முதல் சேதி இருக்கும், ரெண்டாவது சேதி இருக்காது.

இன்னொரு கலெக்டர். அதே செங்கல்பட்டு. பெயர் ட்ரெமென்கீர். 1891-ல் அவர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டால்கூட மிராசுதாருக்குத்தான் முன்னுரிமை, குடியிருக்கிற மனைக்கட்டும் மிராசுதாருடையது, கையை நீட்டிப் பேசினால் குடிசையைக் காலி செய் என்பார்கள் என்பதையெல்லாம் விவரமாக எழுதினார். அதன் பலனாக 1892-ல் வந்த ஆணைதான் நம்ம பஞ்சமி நிலத்துக்கு மூலம். சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவர்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை.

ரெண்டு கலெக்டர், ரெண்டு காகிதம், ஒரே மாவட்டம். பறவைக்குக் கொடுத்த காகிதம் இருநூறு வருசத்துக்கு மேலாகச் செல்லுபடியாகிறது. வெள்ளைக்காரன் போனான், அரசுகள் மாறின, அந்தக் காகிதம் மட்டும் ஒவ்வொரு தடவையும் இன்னும் வலுவாகப் புதுப்பிக்கப்பட்டது. நமக்குக் கொடுத்த காகிதம் என்ன ஆனது? நிலம் கைமாறிக் கைமாறி எங்கோ போனது. அதைத் திருப்பிக் கேட்டவர்கள் மேல் 1994 அக்டோபர் 10 அன்று அதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். இந்த மண்ணில் நாரையைச் சுடக்கூடாது என்று 1798-லேயே தீர்மானம் ஆகிவிட்டது. நம்மைச் சுடக்கூடாது என்று ஒரு கவுல் இன்றுவரை எழுதப்படவில்லை.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு மருதத்திணை நடத்திய பேராசிரியர் குருகு, நாரை, அன்றில், மகன்றில் என்று பறவைப் பட்டியலை ராகம் போட்டுச் சொல்வார். மருதத்தில் நட்டவன் பெயரைக் கேட்டால் அது 'கருப்பொருளில் அடங்கும்' என்பார். கருப்பொருளாம்! சரி, தமிழ் இலக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். முக்கூடற்பள்ளு முதலான பள்ளு நூல்கள் மீனையும் பறவையையும் நெல்வகைகளையும் வரிசை வரிசையாக அடுக்கும். பண்ணையாருக்கு வேடிக்கை காட்ட எழுதியவைதான், நம்மைக் கேலிப்பொருளாக்கியவைதான். ஆனாலும் அதே நூலுக்குள் பள்ளனைத் தொழுக்கட்டையில் மாட்டி வைப்பதும் வருகிறது. வயலும் கட்டையும் ஒரே படத்தில் இருக்கின்றன. அந்த அளவுக்காவது அந்தப் புலவன் பின்னணியை வெட்டவில்லை.

சத்திமுத்தப் புலவரும் அப்படித்தான். மதுரைக் குளிரில் போர்த்தத் துணியின்றிக் கையால் உடம்பைப் பொத்திக்கொண்டு கிடந்தவர், வடக்கே பறந்த நாரையைப் பார்த்து, ஊரில் இருக்கும் மனைவியிடம் தன் நிலையைச் சொல்லச் சொன்னார். தெற்கே குமரி வரை போய் வடதிசைக்குத் திரும்புகிற பறவை என்று வலசைக் கணக்கும் அதில் துல்லியமாக இருக்கிறது. பறவை நூல்காரர்கள் அந்தக் கணக்கை மட்டும் மேற்கோளாக எடுத்துக்கொண்டு, புலவரின் குளிரை விட்டுவிடுகிறார்கள். பறவையைப் பார்க்கவும் பசியைப் பார்க்கவும் ஒரே கண் போதும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நத்தைக்கு வருகிறேன். நத்தைகுத்தி நாரையின் மூடாத அலகு நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க எப்படி வாகாக அமைந்திருக்கிறது என்பதை விளக்காத பறவை நூல் இல்லை. அழகான விளக்கம். அதே நத்தையை எங்கள் சின்னம்மா ஊசியால் எடுத்துக் கழுவி மிளகு போட்டு வறுப்பார். மூலத்துக்கும் மூட்டுவலிக்கும் நல்லது என்பார். வயல் நண்டை இடித்து ரசம் வைத்தால் நெஞ்சுச் சளி போகும் என்பார். நாரை தின்றால் தகவமைப்பு, நாம தின்றால் இழிவு. பள்ளிக்கூடத்தில் 'நத்தை தின்னி' என்று எங்களைக் கூப்பிட்ட பிள்ளைகள் இன்று கேமராவை மாட்டிக்கொண்டு நத்தை தின்கிற நாரையைத் தேடி வருகிறார்கள். இதில் வேதனை என்னவென்றால், குருணை மருந்தும் பூச்சிமருந்தும் வயலுக்குள் வந்த பிறகு நத்தையும் நண்டும் ரெண்டு பேருக்குமே கிடைப்பதில்லை. நாரைக்கு இரை குறைந்ததற்கு ஆய்வறிக்கை இருக்கிறது. நம்ம வீட்டுச் சட்டியில் குழம்பு குறைந்ததற்கு அறிக்கை இல்லை.

இந்தச் சின்னம்மாவிடம்தான் நாலைந்து வருசத்துக்கு முன் ஒரு படக்காரர் வசமாக மாட்டினார். நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்களைச் சுற்றிக் கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டு நின்றன. வரப்பில் வந்து நின்றவர், "ஏம்மா, கொஞ்சம் அந்தப் பக்கமா நகருங்க, பறவை பறந்துடும்" என்றார். சின்னம்மா நிமிரவே இல்லை. "காலையிலேர்ந்து நாங்க இங்கதான் தம்பி கெடக்கறோம். எங்களப் பாத்துப் பறக்காத கொக்கு ஒன்னப் பாத்துத்தான் பறக்குது. அப்ப யாரு நகரணும்?" என்றார். வயலே சிரித்தது. எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதில் அறிவியலும் இருக்கிறது. ராஜஸ்தானத்துப் பரத்பூர் சதுப்பு, மகாராஜாக்கள் வாத்து சுடுவதற்காகவே பராமரித்த இடம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிற்பாடு அது தேசியப் பூங்கா ஆனது. 1982-ல் சுற்றுப்புறக் கிராமத்தாரின் எருமைகள் உள்ளே மேயக்கூடாது என்று தடை வந்தது. எதிர்த்துக் கிளம்பிய கிராமத்தார் மேல் போலீஸ் சுட்டுச் சிலர் செத்தார்கள். அப்புறம் என்ன நடந்தது? எருமை போன பிறகு புல் காடாக வளர்ந்து தண்ணீரை மூடியது. வாத்துகளுக்கு நீந்த இடமில்லை. பல ஆண்டுகள் அங்கே ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரே கடைசியில், எருமை மேய்ச்சல் அந்தச் சதுப்புக்கு நல்லதுதான் செய்து வந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். மகாராஜா துப்பாக்கியால் கெடாத சதுப்பு, ஏழையின் எருமையால் கெட்டுவிடும் என்று முடிவெடுத்தார்களே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? செத்தவர்கள் திரும்ப வரவில்லை. அறிக்கை மட்டும் நூலகத்தில் இருக்கிறது.

சென்னைக்கு வாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் எஞ்சியிருப்பது பழைய பரப்பில் ஒரு துண்டு. மிச்சத்தைத் தின்றது யார்? பெருங்குடியில் மாநகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். ஆய்வு நிறுவனங்கள் கட்டினார்கள். கண்ணாடி போட்ட கணினிக் கம்பெனிகள், வட்டச்சாலை, அடுக்குமாடிகள். அதே சதுப்பு நிலத்தொடரில்தான் 2000-லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து கொட்டினார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து லாரியில் ஏற்றி இறக்கப்பட்ட அந்தச் சனத்தில் பெரும்பாலோர் தலித்துகள். ஆற்றங்கரையில் வெள்ளம் வரும், ஆபத்து என்று சொல்லித் தூக்கினார்கள். இறக்கிவிட்ட இடமே வெள்ளம் தங்குகிற இடம். 2015-லும் 2023-லும் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம்.

இன்று பெரும்பாக்கம் நீர்நிலை பறவைக்காரர்களுக்குப் பிடித்த இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரிசையாக முக்காலிகள் நிற்கும். பூநாரைகள் இறங்கினால் அன்றைக்குத் திருவிழா. கேமராவை ஒரு சாண் மேலே தூக்கினால் மறுகுடியமர்வு அடுக்குமாடிகள் தெரியும். ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர்க் குடம் வரிசை, துணிக்கொடி, பால்யத்தைத் தொலைத்த பிள்ளைகள். தூக்க மாட்டார்கள். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டுமே. அந்தப் பக்கம் பெருங்குடியில் குப்பை மேட்டில் பருந்தும் உண்ணிக்கொக்கும் கிளறுகிற இடத்திலேயே காகிதமும் இரும்பும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் யார்? அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வருகிறது? பருந்துக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது.

சூழல் நண்பர்களைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். பள்ளிக்கரணையில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கிறது என்றால் அவர்கள் போட்ட சத்தமும் வழக்கும் காரணம். 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் அய்ந்து கிலோமீட்டர் சுற்றளவைச் சுருக்க முயற்சி நடந்தபோது முதலில் எழுந்தது அவர்கள் குரல்தான். அதற்கு நன்றி. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை அவர்கள் எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். ஓலைக்குடிசை ஆக்கிரமிப்பு, கண்ணாடிக் கட்டடம் 'வளர்ச்சியின் நெருக்கடி'. பறவை ஒன்று கண்ணியில் செத்துக் கிடந்தால் முதல் சந்தேகம் நரிக்குறவர் மேல், இருளர் மேல். குருவிக்காரர் என்பது ஒரு சமூகத்தின் பெயராகவே அரசுப் பட்டியலில் இருக்கிறது. அவர்களைப் பழங்குடியாகச் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பறவையின் குரலையும் தடத்தையும் முட்டையிடும் இடத்தையும் அவர்களைவிட அறிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அந்த அறிவை வாங்கி நூல் எழுதுகிறவர்கள் உண்டு. அட்டையில் அவர்கள் பெயரைப் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

அந்த 2022-ஐ நினைத்துப் பாருங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம் என்று வரிசையாக நம் நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் ஏறிய வருசம். 2025-ல் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆனது, நாட்டிலேயே அதிகம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த 2022-ன் டிசம்பரில்தான் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் சனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ரெண்டு வருசம் விசாரித்து, 2025 ஜனவரியில் போட்ட குற்றப்பத்திரிகையில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளி என்றார்கள். அதை ஏற்காமல் மத்தியப் புலனாய்வு கேட்டுக் குரல்கள் எழுந்தன. பறவை குடிக்கிற தண்ணீருக்கு உலகத்தரம். நாம குடிக்கிற தண்ணீருக்கு இந்தத் தரம்.

"எல்லாத்துலயும் சாதியைக் கொண்டாந்துடுவீங்களா" என்று ஒரு நண்பர் கேட்டார். நாங்க கொண்டுவரவில்லை அய்யா. ஏரியில் நாலு படித்துறை இருந்தால் சேரிக்காரன் துறை கடைசியில் இருக்கும், கலங்கல் தண்ணீர் வந்து சேருகிற மூலையில். அதை நாங்களா கட்டினோம்? கண்மாய் மீன்பாசி ஏலத்தில் சேரி ஆள் கைதூக்கினால் ராத்திரி என்ன நடக்கும் என்று தெற்கத்தி ஊர்களில் கேட்டுப் பாருங்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்த அய்ந்து பேரையும் வெட்டினார்களே, தலைவர் நாற்காலியோடு ஊரின் பொதுச் சொத்தும் கண்மாயும் ஏலமும் சேர்ந்து கைமாறும் என்பது வெட்டியவர்களுக்குத் தெரியாதா? நீர்நிலை என்பது இந்த நாட்டில் எப்போதும் அதிகாரத்தின் இடம். அங்கே முக்காலியை ஊன்றிவிட்டு 'நான் வெறும் இயற்கை ரசிகன்' என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

நம் தோழர்களில் சிலர் மறுபக்கத்திலிருந்து சிரிக்கிறார்கள். தலைக்கு மேல் கூரை இல்லாதபோது கொக்கைப் பற்றி என்ன எழுத்து என்று. அவர்களுக்கும் சொல்கிறேன். ஏரி நம்முடையது. அதைச் செங்கல்சூளைக்கும் பேருந்து நிலையத்துக்கும் வீட்டுமனைக்கும் கொடுத்தபோது முதலில் பட்டினி கிடந்தது மீனும் கீரையும் கோரையும் எடுத்துப் பிழைத்த நம் பெண்கள். பறவை போன ஏரி அடுத்த வருசம் பட்டா போட்ட ஏரி. பறவையைப் பார்க்கிற கலையை அவர்களிடமே விட்டுவைக்க நாம் என்ன வெளியூரா?

வேலை இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்களையும் மேய்ச்சலையும் சமூக உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சரணாலயங்களை ஒட்டி வாழும் இருளர்களில் எத்தனை ஊருக்கு அந்த உரிமை எழுத்தாகக் கிடைத்திருக்கிறது என்று நம் மாணவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்க வேண்டும். வருசக்கணக்காகத் தினக்கூலியாகவே ஏரியைக் காவல் காக்கிறவர்களின் வேலை நிரந்தரத்தைப் பற்றிச் சூழல் அமைப்புகள் ஒரு மனுவாவது எழுத வேண்டும். பறவைக் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பறவையின் லத்தீன் பெயரைப் போடுகிறார்கள். அந்த ஏரியின் மடையைத் திறக்கிறவர் பெயரையும், அவர் சம்மதித்தால், ஒரு வரி சேர்த்துப் போடட்டும். லத்தீனைவிடப் படிக்கச் சுலபமாக இருக்கும்.

நம்மில் கேமரா கையில் கிடைத்தவர்கள் இப்போது நிறைய. கைபேசியே போதும். இந்த ஐப்பசியில் மழை இறங்கியதும் உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். எந்தப் பறவை எந்த வாரம் வந்தது என்று எழுதுங்கள். அதே தாளில் கரையில் மண் போட்டது யார், என்ன கூலி, மீன்பாசியை யார் எடுத்தார், சேரித் துறை எந்தப் பக்கம், பஞ்சமி நிலம் ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர், இப்போது யார் உழுகிறார் என்பதையும் எழுதுங்கள். படத்தை வெட்டாமல் அனுப்புங்கள். மின்கம்பம் வந்தால் வரட்டும், காயப்போட்ட சேலையும் வரட்டும்.